சதுர மீட்டரும் சமூகத் தேவையும்: சோவியத் மாஸ்கோவின் குடியிருப்புத் திட்டமிடல் (1928–1964)

முன்னுரை

சோசலிச நகரம் அரசு மேலிருந்து வரைந்த திட்டத்தின் விளைவு என்பது பொதுவான கருத்து. மாஸ்கோவின் குடியிருப்பு வரலாறு இக்கருத்தை முழுமையாக ஏற்க இடம் தரவில்லை. மக்களின் அன்றாடத் தேவை திட்டத்தை மாற்றியது. எனினும் அளக்கத்தக்க தேவைகளே முதலில் நிறைவேறின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கூட்டு வாழ்வும் கூட்டு நெருக்கடியும்

1928–1930இல் மொய்சேய் கின்ஸ்பர்க், இக்னாத்தி மிலினிஸ் ஆகியோர் வடிவமைத்த நர்கோம்ஃபின் கட்டடத்தில் உணவுக்கூடமும் சலவையகமும் பொதுவில் அமைந்தன. வீட்டுவேலையிலிருந்து பெண்களை விடுவிப்பது இத்தகைய கட்டடங்களின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் 1930 மே மாதத்தில் கட்சியின் மத்தியக் குழு, வாழ்க்கைமுறையை ஒரே பாய்ச்சலில் மாற்ற முனையும் முயற்சிகளைக் கண்டித்தது. நடைமுறையில் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது ‘கொமுனால்கா’ எனப்பட்ட பகிர்வு வீடே. அங்கு ஓர் அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. சமையலறையும் கழிப்பறையும் பல குடும்பங்களுக்குப் பொதுவாயின. இது விரும்பி ஏற்ற கூட்டு வாழ்வன்று, இடப்பற்றாக்குறை சுமத்தியது.

தனிக்கதவின் வருகை

போரழிவு இந்நெருக்கடியைப் பெருக்கியது. 1957 ஜூலை 31ஆம் நாள் ஆணை, வீட்டுப் பற்றாக்குறையை 10–12 ஆண்டுகளில் நீக்க உறுதியளித்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தனிவீடு என்பதே அதன் அடிப்படை. லகுதென்கோவின் கே-7 போன்ற வடிவங்களில், தொழிற்சாலையில் வார்த்த பலகைகளால் மின்தூக்கியற்ற ஐந்துமாடி அடுக்ககங்கள் எழுந்தன. சமையலறை சிறியது, ஆயினும் அது அக்குடும்பத்துக்கே உரியது. கூட்டு வாழ்வை முன்னிறுத்திய கொள்கை, குடும்பங்களின் தேவைக்கு இவ்வாறு வழிவிட்டது.

அளவையின் எல்லை

‘மிக்ரோரயோன்’ என்னும் சிறுவட்டாரத் திட்டம், பள்ளி, மழலையர் காப்பகம், மருந்தகம், கடை ஆகியவற்றை நடைதொலைவில் வைத்தது. ஆனால் கட்டுமான நிறுவனங்களின் சாதனை சதுர மீட்டரில் கணிக்கப்பட்டது. ஆகவே வீடுகள் முந்தின. கடைகளும் காப்பகங்களும் பேருந்துத் தடங்களும் பல இடங்களில் பிந்தின. அத்தாமதத்தின் சுமை, வேலைக்கும் சென்று வீட்டையும் நடத்திய பெண்கள்மீது மிகுதியாக விழுந்தது. ஒதுக்கீட்டிலும் செல்வாக்கு நுழைந்தது. 1959இல் அரங்கேறிய ஷொஸ்தகோவிச்சின் ‘மாஸ்கோ, செரியோமுஷ்கி’ இசைநாடகம் அதனையே எள்ளியது.

முடிவுரை

தனிவீடு என்னும் தேவை எண்ணிக்கையாக மாற்றத்தக்கது. ஆதலால் திட்டத்தில் இடம்பெற்று விரைந்து நிறைவேறியது. குழந்தைப் பராமரிப்பு, பயணநேரம் போன்ற தேவைகள் வரைபடத்தில் இருந்தும், சாதனைக் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. எனவே சோசலிச நகரை மதிப்பிடுகையில், தேவை ஏற்கப்பட்டதா என்பதோடு, அது எந்த அளவையால் கணக்கிடப்பட்டது என்பதும் ஆராயத்தக்கது.