பிரவுனி, நீலப்பறவை, புல்புல்: சிறுமியர் சாரணியப் பிரிவின் பெயர்களும் கதைகளும்

சாரணர் இயக்க வரலாற்றை எழுதப் புகுவோர் மைக்கேல் ரோசென்தாலைத் தாண்டிப் போக முடியாது. 1986இல் வெளிவந்த 'தி கேரக்டர் ஃபேக்டரி' நூலில் அவர் நிறுவ முயன்றது இதுதான்: பேடன் பவல் தொடங்கியது காடும் விளையாட்டும் கலந்த வெறும் பிள்ளைக் கூட்டமன்று, மேலவர் சொன்னதைச் செய்யும் குடிமக்களைப் பேரரசுக்கு வார்த்துத் தரும் ஆலை. 1908ஆம் ஆண்டுச் சாரணர் சட்டத்தில் மன்னருக்கும் அதிகாரிகளுக்கும் காட்ட வேண்டிய விசுவாசத்தின் பக்கத்திலேயே வேலை கொடுப்பவருக்கான விசுவாசமும் நிற்கிறது. இதைப் பார்த்தபின் அவர் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட யாராலும் ஆகாது. சிறுவர் பிரிவைப் பொறுத்தவரை எனக்கும் அதில் பெரும்பகுதி உடன்பாடே. ஆனால் ஆலை என்னும் உவமை பிடித்துப்போய்விட்டால் அதை எங்கும் பொருத்திப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. சாரணியருக்கும், அவர்களுக்குக் கீழே பதினொரு வயதுக்குட்பட்ட சிறுமியருக்கும் அமைந்த பிரிவுகளை அந்த அச்சிலிருந்தே வந்த சிறிய வார்ப்புகள் என்று பேசுவது இதனால் நேர்வது. சிறுவருக்கான எழுத்துகளிலிருந்து எடுத்த முடிவை இயக்கம் முழுமைக்குமான முடிவுபோல் ஒலிக்கும்படி எழுதியதில் ரோசென்தாலுக்கும் இதில் பங்குண்டு. சிறுமியர் பிரிவு வேறொரு மூலத்திலிருந்து, போர்க்களத்தோடு தொடர்பே இல்லாத ஒரு வீட்டுக் கதையிலிருந்து தொடங்கியது என்பதே என் வாதம்.

1909 செப்டம்பரில் கிரிஸ்டல் பேலஸ் அணிவகுப்புக்கு அழையாமல் வந்த பெண்பிள்ளைகளையும், 1910இல் ஆக்னஸ் பேடன் பவல் பொறுப்பில் சாரணியர் அமைப்பு உருவானதையும் பலரும் எழுதிவிட்டனர். இளைய சிறுமியருக்கு 1914இல் தனிப்பிரிவு வந்தபோது அதன் பெயர் 'ரோஸ்பட்ஸ்', அதாவது ரோஜா மொட்டுகள். அடுத்த ஆண்டே அது 'பிரவுனி' ஆயிற்று. எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. பிரிட்டன் 2014இல் பிரவுனி நூற்றாண்டைக் கொண்டாடியதால், மொட்டுகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது தெரிகிறது. பெயரை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஓராண்டு குறையும். மொட்டு என்பது பிறர் பார்த்து ரசிக்கக் காத்திருக்கும் பொருள். பிரவுனியோ இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும் வழங்கும் நாட்டார் கதைகளில் வரும் வீட்டுக் குட்டிச்சாத்தான். வீடு உறங்கும்போது வேலைகளை முடித்துவிட்டு மறைந்துவிடும். பார்க்கப்படுவதிலிருந்து செய்வதற்கு நகர்ந்த இந்த மாற்றத்தைப் பெயர்மாற்றம் என்ற ஒரு வரியோடு கடந்துபோவது சரியல்ல.

அந்தப் பெயர் ஜூலியானா ஹொரேஷியா யூயிங் 1865இல் எழுதிய 'தி பிரவுனிஸ்' கதையிலிருந்து வந்தது என்பது அனைவரும் அறிந்தது. ஆனால் மூலக்கதையையும் இயக்கம் சொல்லிவந்த கதையையும் அருகருகே வைத்தால் ஒரு பாடபேதம் கண்ணில் படும். யூயிங்கின் கதையில் வருவோர் டாமி, ஜானி என்னும் இரு பையன்கள். மனைவியை இழந்த ஏழைத் தையற்காரரின் மக்கள், சோம்பேறிகள். பாட்டி சொன்ன பிரவுனியைத் தேடிக் கிழட்டு ஆந்தையிடம் போகிறான் டாமி. ஆந்தை அவனை நிலவொளியில் நீர்நிலைக்கு அனுப்புகிறது. நீரில் தெரிவது அவன் முகமே. இயக்கத்தின் வாயில் டாமி அப்படியே இருக்க, ஜானி இருந்த இடத்தில் பெட்டி என்ற சிறுமி வந்து நிற்கிறாள். கேட்போர் சிறுமியர், அதனால் மாற்றினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதுதான் காரணமென்றால் இருவரையுமே மாற்றியிருக்கலாமே! பையன்கள் அடுப்பெரித்து வீடு கூட்டுகிறார்கள் என்பதுதான் யூயிங் தம் காலத்துப் பிள்ளைகளுக்கு வைத்த வியப்பு. ஒருத்தி நுழைந்ததும் அந்த வியப்பில் பாதி கரைந்துவிடுகிறது. பெண்பிள்ளை வீட்டுவேலை செய்வதில் யாருக்கு என்ன ஆச்சரியம்? மறுபாதி டாமியோடு தங்கிவிட்டது. திருத்தியவர் இதையெல்லாம் எண்ணிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. எண்ணாமல் செய்த திருத்தமே அந்தக் காலத்தின் மனத்தைக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும் என்று மட்டும் சொல்வேன்.

ரோசென்தால் பக்கம் நிற்பவர் இங்கே பிரவுனிச் சட்டத்தை எடுத்துக் காட்டுவார். அது அன்று இரண்டே விதி: பெரியவர்க்கு விட்டுக்கொடு, உன் மனத்துக்கு விட்டுக்கொடுக்காதே. கீழ்ப்படிதலை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாதுதான். ஆனால் 1916இல் கையேடு பெற்ற, ஓநாய்க்குட்டிகள் எனப்பட்ட இளைய சிறுவர்களின் சட்டமும் இதே அச்சு. ஆகவே சிறுமியர் பிரிவின் தனித்தன்மையை இதில் தேடிப் பயனில்லை. வேறுபாடு உறுதிமொழியில் இருக்கிறது. தினம் யாருக்கேனும் ஒரு நல்லது செய்வதாக ஓநாய்க்குட்டி உறுதி எடுத்தான். பிரவுனியோ பிறருக்கு, சிறப்பாக வீட்டில் இருப்போருக்கு, உதவுவதாக எடுத்தாள். 'வீட்டில்' என்ற அந்த ஒரு சொல்லைப் பேரரசுக் கணக்கில் சேர்க்க நிறையச் சுற்றிவர வேண்டும். சாரணியரின் 1912ஆம் ஆண்டுக் கையேடு தலைப்பிலேயே பேரரசைச் சுமந்தது உண்மை. ஆனால் அது மூத்த பெண்களுக்கானது, இளையோர் பிரிவு பிறப்பதற்கு முந்தியது. குழுவை நடத்தும் முறையும் இதையே காட்டுகிறது. ஓநாய்க்குட்டிகளுக்கு அடிக்கதை தந்த கிப்ளிங்கின் காட்டில் அகேலா ஓநாய்க் கூட்டத்தின் தலைவன். பிரவுனிக் குழுவை நடத்தும் பெண் 'பழுப்பு ஆந்தை'. கதையில் ஆந்தை விடையை நேராகச் சொல்லிவிடுவதில்லை, தேடி வந்த பிள்ளையை முதலில் நீரைப் பார்க்க அனுப்புகிறது. ஆறு ஆறு பேராகப் பிரிந்த சிறுமியரை அவர்களில் ஒருத்தியே முன்னின்று நடத்தினாள். நடைமுறையில் ஆந்தைகள் எத்தனை பேர் கதையின் ஆந்தைபோல் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். ஆயினும் பிள்ளை தானே கண்டடைய வேண்டும் என்பதை அடிக்கதையாகக் கொண்ட அமைப்பை ஆலை என்றழைப்பது பொருந்தவில்லை.

இந்தியாவில் முதல் சாரணியர் குழு 1911இல் ஜபல்பூரில் அமைந்தது; இந்தியச் சிறுமியருக்குக் கதவு திறந்தது 1916இல். இங்கே இளைய பிரிவு 'ப்ளூ பேர்ட்' என்ற பெயரையும் பெற்றது. பிரவுனி என்பதில் ஒலிக்கும் பழுப்பு என்னும் சொல் பழுப்புத் தோல் பிள்ளைகளின் முன் ஆளும் இனத்தார் வாயில் எப்படி ஒலிக்கும் என்ற தயக்கம் இதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். ஸ்காட்லாந்துக் குட்டிச்சாத்தான் இங்கே யாருக்கும் தெரியாது என்பதும் காரணமாகலாம். மாற்றுப் பெயர் ஏன் நீலப்பறவை ஆனது என்பது வேறு கேள்வி. மெட்டர்லிங்கின் 'நீலப்பறவை' நாடகம் 1908இல் மாஸ்கோவில் மேடையேறியது. 1911இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாடகத்தில் அண்ணனும் தங்கையும் உலகெல்லாம் தேடிய பறவை கடைசியில் அவர்கள் வீட்டுக் கூண்டிலேயே இருக்கிறது. டாமியும் பெட்டியும் தேடிய பிரவுனி நீரில் தெரிந்த அவர்கள் முகமே. அண்ணன்-தங்கை, தேடல், தேடியது தம்மிடமே இருத்தல் என மூன்றும் பொருந்துவதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. இது ஊகம்தான். ஆயினும் இப்பெயரைத் தெரிந்தெடுத்தவர் பறவையை மட்டும் அல்ல, கதையின் எலும்புக்கூட்டையும் சேர்த்தே எடுத்தார் என்று கருத இது போதுமானது.

1950 நவம்பரில் பாரத சாரண சாரணியர் அமைப்பு உருவாகி, 1951 ஆகஸ்டில் சாரணியர் அதில் இணைந்தனர். இன்று இந்திய அளவில் இச்சிறுமியர் 'புல்புல்' எனப்படுகிறார்கள். ஆந்தைக் கதைக்குப் பதிலாகத் தாரா என்பவளின் கதை கேட்கிறார்கள். கோமள பங்க் முதல் ஹீரக் பங்க் வரை சிறகுப் படிகள் ஏறுகிறார்கள். தமிழ்நாட்டு வழக்கிலோ இவர்கள் 'நீலப்பறவையர்'. ஓநாய்க்குட்டிகளுக்குக் 'குருளையர்' என்ற பெயர் அழகாக அமைந்தது. தொல்காப்பிய மரபியல் குருளை என்ற பெயரை நாய்க்கும் நரிக்கும் தருகிறது. ஓநாயைச் சொல்லாவிட்டாலும் உறவு தூரமில்லை. நீலப்பறவையருக்கு அப்படி எந்தப் பொருத்தமும் காட்ட முடியாது. புல்புல் என்பது நம் ஊர்ச் சின்னான், கொண்டைக்குருவி. அதன் உடலில் நீலம் எங்குமில்லை. பின்னாளில் மொழிபெயர்த்தவர் யாரோ ஓசை இனிமைக்காகப் புதிதாகப் புனைந்த பெயர் என்று ஒருவர் சொல்லலாம். புனைபவர் கண்ணெதிரே இருக்கும் குருவியை விட்டுவிட்டு இல்லாத நிறத்தை ஏன் பூச வேண்டும்? பழைய 'ப்ளூ பேர்ட்' தமிழில் பெயர்ந்து, மேலிடத்தில் பெயர் மாறிய பிறகும் இங்கே தங்கிவிட்டது என்பதே எளிய விளக்கம். இவ்விளக்கத்தின்படி அந்தப் பெயர்ப்பு 1951க்கு முந்தியதாகலாம். மாற்றத்திற்குப் பின்னும் சில காலம் இரு பெயரும் சேர்ந்து வழங்கியிருந்தால், சற்றுப் பிந்தியதாகவும் ஆகலாம்.