மாற்றுக் கருத்தின் மதிப்பு

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம், மதுரை மறைப்பணி வரலாற்றில் 1623ஆம் ஆண்டில் இடம்பெறுகின்றது. தத்துவ போதகர் எனப்பெற்ற இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரையிலிருந்து வடக்கே பயணமாகி, இராமச்சந்திர நாயக்கரின் ஆளுகையிலிருந்த இவ்வூரை அடைந்தது அவ்வாண்டில்தான்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரது பணியே ஓர் அவையின் தீர்ப்புக்குக் காத்து நின்றது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமயச் சின்னங்களா, சமுதாயச் சின்னங்களா? 1619இல் கோவாப் பேராயர் தலைமையில் கூடியோர் இவ்வினாவை ஆராய்ந்தனர். தலைவரும் பெரும்பான்மையோரும் நொபிலிக்கு எதிராக நின்றனர். ஆயினும், விசாரணை மன்ற நடுவருள் ஒருவரான அல்மெய்தாவும், கொடுங்கல்லூர்ப் பேராயர் ரோசும் தம் மாற்றுக் கருத்தை மறைக்கவில்லை. இருதரப்பு வாதங்களும் எழுத்தில் உரோமையைச் சென்றடைந்தன. 1623 ஜனவரி 31இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி, மூடநம்பிக்கைக்கும் இடறலுக்கும் இடமின்றி அவ்வழக்கங்களைக் கைக்கொள்ள இசைவளித்தார். சிலரே சொன்ன சொல், வெளிப்படையாகச் சொல்லப்பட்டதால் பிழைத்தது. அவ்வழி சாதி வேற்றுமைக்கு இடந்தந்ததென்னும் குறை இன்றும் எழுப்பப்படுகிறது. அக்குரலும் கேட்கப்பட வேண்டியதே.

கருத்தைச் சொல்ல மனத்துணிவு மட்டும் போதாது. சொல்வதற்கேற்ற முறையும் வேண்டும். 1539இல் உரோமையில் இஞ்ஞாசியாரும் சவேரியாரும் மற்றத் தோழர்களும், தம்முள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதா என்று ஆராய்ந்தபோது அத்தகைய முறையொன்றைக் கண்டனர். ஒவ்வொருவரும் தனித்துச் செபித்தனர். ஒருவர் மற்றவரைத் தம் பக்கம் இழுக்கலாகாதென வரையறுத்தனர். ஒரு நாள், கீழ்ப்படிதலுக்கு எதிரான காரணங்களை மட்டும் அனைவரும் கூறினர்; அடுத்து, ஆதரவான காரணங்களை மட்டும் கூறினர். எவரும் எவரையும் எதிர்த்து வாதாட இடமில்லை. பல வாரங்களுக்குப் பின் ஒருமனதாக முடிவெய்தினர்.

நம் அன்பியக் கூட்டங்களிலும் பங்குப் பேரவையிலும் நிகழ்வதென்ன? முதலில் பேசுபவரின் கருத்தே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஏனையோர் தலையசைக்கின்றனர், உள்ளே அடக்கிய சொல் வாயிற்படி தாண்டியதும் முணுமுணுப்பாகிறது. அதனால் ஒற்றுமை வளர்வதில்லை, மனக்கசப்பே வளர்கிறது.

பேசுமுன் சற்று மௌனம். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. தலைவர் இறுதியில் பேசுதல். உடன்படாதோர் கருத்தையும் குறிப்பேட்டில் எழுதுதல். இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. இன்று தனித்து நிற்கும் குரலில் நாளைய தெளிவு இருக்கக்கூடும். அதைக் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.