மருந்து விலகும்போதும், நோய் திரும்பும்போதும்

கர்க்கடகம் கேரளத்தில் ஆயுர்வேதத்துக்கான மாதம். அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கும் திருப்பூணித்துறையில் கேட்கவே வேண்டாம். எண்ணெயும் கஷாயமுமாக உடம்பைச் சுத்தம் செய்யும்போது, "இந்த இங்கிலீஷ் மாத்திரையையும் விட்டுவிட்டால் என்ன?" என்று தோன்றுவது இயல்பு. மனச்சோர்வுக்கு ஓரிரு வருஷம் மாத்திரை சாப்பிட்டுத் தேறியவர், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்துகிறார். நாலாம் நாள் அழுகை, எரிச்சல், தூக்கமின்மை. வீட்டார் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "பழையபடி வந்துடுத்து."

வந்திருப்பது பழைய நோயாகவும் இருக்கலாம், மருந்து உடம்பை விட்டுப் போகிறபோது வருகிற தொந்தரவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு.

முதலில் நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். நிறுத்தியதால் வரும் தொந்தரவு பெரும்பாலும் சில நாட்களுக்குள் தொடங்கிவிடும். நோய் அப்படி ஓடி வராது. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்ல மெல்லப் படியும். இந்தக் கணக்கும் மருந்துக்கு மருந்து மாறும். வென்லாஃபாக்ஸின் சில மணி நேரத்திலும் பராக்ஸெடின் ஏறக்குறைய ஒரு நாளிலும் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஃப்ளுவாக்ஸெடினுக்குப் பல நாட்கள் ஆகும். உடம்புக்குள் அது மாறி உண்டாகும் பொருள் அதைவிட அதிக நாள் தங்கும். அதனால் ஃப்ளுவாக்ஸெடினை விட்டவர்களுக்குத் தொந்தரவு குறைவு. ஆனால் வந்தால் சில வாரம் கழித்து வரும், அப்போது அதை நோய் என்று நினைத்து ஏமாறுவதும் எளிது.

அடுத்தது உடம்பு. கண்ணைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் ஷாக் அடித்தது போல ஒரு வெட்டு, நடக்கையில் தள்ளாட்டம், குமட்டல், விடியும்வரை சினிமாபோல் ஓடும் கனவுகள். மருந்தை விட்டவர்கள் சொல்லும் இவற்றில் அந்த மண்டை ஷாக் மனச்சோர்வின் அடையாளமே அல்ல. முதன்முதல் நோய் வந்தபோது இல்லாத ஒன்று இப்போது புதிதாக வந்திருந்தால், மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அழுகையிலும் வித்தியாசம் உண்டு. மருந்து விலகும்போது வருகிற அழுகை திடீரென்று வரும், ஒரு விளம்பரத்தைப் பார்த்தால்கூடப் பொங்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும், "எனக்கே ஏன் என்று தெரியவில்லை" என்பார். நோய் திரும்பினால் அழுகைகூட வற்றிப்போகலாம். எதிலும் பிடிப்பில்லை, எல்லாம் தன் குற்றம், இனி ஒன்றும் சரியாகாது என்ற பாரம் நாள் முழுக்க இருக்கும். இந்த இரண்டிலும் சேராதது ஒன்றும் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட காலத்தில் சிலருக்குச் சந்தோஷமும் துக்கமும் மரத்துப்போகும். நிறுத்தியபின் உணர்ச்சிகள் திரும்பும்போது அவை மிதமிஞ்சியதாகத் தோன்றும். அதை நோய்க் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

டாக்டர்கள் பார்க்கும் இன்னொரு அடையாளம்: விட்ட மாத்திரையைத் திரும்பத் தொடங்கினால், விலகல் தொந்தரவு பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். நோயானால் மாத்திரை வேலை செய்ய வாரங்கள் பிடிக்கும்.

பயமுறுத்தவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்குத் தொந்தரவு இருந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு இருந்தது. ஏறக்குறைய பாதிக்குப் பயமோ வேறு காரணங்களோ இருக்கலாம் என்று இதிலிருந்து தெரிகிறது. மீதிப் பாதி மருந்து விலகுவதால் வருவது. நோய் திரும்புவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2021-இல் வெளியான ஆன்ட்லர் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் நெடுநாள் மருந்தெடுத்துத் தேறியிருந்த 478 பேரைக் கவனித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும், குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்குத் திரும்பவில்லை என்பதும் இதே கணக்குதான்.

குறைக்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. சிட்டலோபிராம் 20 மில்லிகிராம், மூளையில் அது பற்றும் இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்திருக்கும். 9 மில்லிகிராமுக்குக் குறைத்தாலும் 70 சதவீதம் பிடியில் இருக்கும். எனவே முதல் பாதி சுலபமாகக் குறையும், கடைசித் துணுக்கில்தான் கஷ்டம். ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் இதைக் காட்டி, கடைசிக் கட்டத்தில் மிக மிகச் சிறிய அளவுகளாக இறங்கச் சொன்னார்கள். நம்மவர்கள் செய்வதோ, பாதி மாத்திரை இரண்டு வாரம், அப்புறம் பூஜ்யம்.

விலகலை நோய் என்று நினைத்தால், தேவையில்லாமல் ஆயுசுக்கும் மாத்திரை. நோயை விலகல் என்று நினைத்தால், உயிருக்கே ஆபத்து. என்னைக் கேட்டால் இரண்டாவது தவறுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஆகவே நிறுத்த நினைப்பவர், எழுதிக்கொடுத்த டாக்டரிடமும் கஷாயம் தரும் வைத்தியரிடமும் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். மாத்திரையின் பெயர், குறைத்த தேதி, தொந்தரவு தொடங்கிய தேதி மூன்றையும் குறித்து வைக்கட்டும். செத்துவிடலாமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், இது மருந்தா நோயா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் உடனே அழையுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.