வன்னியிலிருந்து புற்றுநோய் வார்ட்டுக்கு: மருந்து ஏற்றிய பின் தங்கும் நாட்களின் வரலாறு

புற்றுநோய்க்கு முதல் தடவை மருந்து ஏற்றியதும் நோயாளியை வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம், அந்த மருந்துகளோடு கூடப் பிறந்தது. 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு நைதரசன் மஸ்டர்ட் ஏற்றப்பட்டது. போருக்கான நச்சுப்பொருள் ஆராய்ச்சியிலிருந்து வந்த மருந்து அது. எந்த அளவை உடல் தாங்கும் என்று எவருக்கும் தெரியாது. கட்டி கரைந்தது, கூடவே வெண்குருதிக் கலங்களும் சரிந்தன. இரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தே மருத்துவர்கள் அளவைக் கற்றுக்கொண்டார்கள்.

பின்னர் வந்த ஒவ்வொரு மருந்தும் தனக்கான காவலைக் கேட்டது. 1970களின் இறுதியில் பரவலான சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அதனால் மருந்துக்கு முன்னும் பின்னும் மணிக்கணக்காகச் சேலைன் ஓடும். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று தாளில் குறிக்கப்படும். துணைக்கு நிற்கும் தாயோ மகனோ கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் சிறுநீரைப் பிடித்து, எத்தனை மில்லிலீற்றர் என்று தாதியிடம் சொல்வார். சிவப்பு நிற டொக்சோரூபிசின் நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கிவிடும். ஊசி ஏறிய இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பக்ளிடாக்செல் சொட்டத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டலாம். வேகமாகப் பெருகும் குருதிப் புற்றுநோயில் கலங்கள் ஒரேயடியாக உடைந்தால் பொற்றாசியமும் யூரிக் அமிலமும் ஏறி முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து வரும்.

இவை கட்டிலில் இருக்கும்போதே தெரிந்துவிடும் ஆபத்துகள். ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் வருவது வேறு. அப்போது வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருக்கும். சாதாரணக் கிருமி ஒன்று காய்ச்சலாகத் தொடங்கிச் சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். 1990களில் ஒண்டான்செட்ரோன் போன்ற வாந்தி தடுக்கும் மருந்துகள் வந்ததும், காலையில் வந்து மருந்து ஏற்றி மாலையில் வீடு திரும்பும் முறை செல்வ நாடுகளில் பெருகியது. நடு இரவில் காய்ச்சல் வந்தாலும் நல்ல வைத்தியசாலை ஒன்றை உடனே அடையலாம் என்ற நம்பிக்கையே அந்த முறையின் அடித்தளம். அதே பத்தாண்டில், இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியில் அந்த நம்பிக்கைக்கு இடமே இருக்கவில்லை.

அங்கே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அப்போது தேசிய மின்சாரம் இருக்கவில்லை. எரிபொருளும் மருந்துகளும் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தன. வின்கிறிஸ்ரின் போன்ற மருந்துகளைக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். இரத்தக் கலங்களை எண்ண ஆய்வுகூடம் வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக 1990களின் முற்பகுதியில் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டும். அதில் உயிரிழந்தோர் பலர். யாழ்ப்பாணக் குடாநாடு இராணுவத்தின் கைக்குப் போனபின் அந்த வழியும் அடைபட்டது. 1996இல் கிளிநொச்சி நகரைப் படையினர் கைப்பற்றியபோது மக்கள் மல்லாவி, அக்கராயன் பக்கம் இடம்பெயர்ந்தனர். மல்லாவி வைத்தியசாலையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பணியாற்றியது. புற்றுநோய்க்கான முழுச் சிகிச்சை அங்கே சாத்தியமில்லை.

ஆகவே வழி கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமதான். 1950களில் தொடங்கிய அந்தப் புற்றுநோய் வைத்தியசாலை, இன்று அபேக்ஷா என்ற பெயரோடு, நாடு முழுவதற்குமான பெரிய நிலையமாக இருக்கிறது. அங்கே போகப் போர்க்காலத்தில் வன்னி நோயாளிக்கு, அப்பகுதியைக் கட்டுப்படுத்திய விடுதலைப் புலிகளின் பாஸ் வேண்டியிருந்தது; வவுனியாவுக்குள் நுழைந்தபின் படையினரின் பாஸ் வேண்டியிருந்தது; கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவு வேண்டியிருந்தது. மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டிய ஒருவர் இத்தனையையும் கடந்து போய்த் திரும்புவது நடக்கிற காரியமல்ல. வார்ட்டிலோ, உறவினர் வீட்டிலோ, வாடகை அறையிலோ அவர் மாதக்கணக்கில் தங்கினார். ஊரில் வயல் தரிசாகக் கிடந்தது. கண்காணிப்பின் பாதி, நோயாளி சொல்வதைக் கேட்பது. நெஞ்சு இறுக்குது, கை விறைக்குது என்று தமிழில் சொன்னால், சிங்களம் மட்டும் தெரிந்த தாதிக்கு அது போய்ச் சேராது. பக்கத்துக் கட்டிலில் இரு மொழியும் தெரிந்த ஒருவர் இருந்தால் அது பெரிய பாதுகாப்பு. மருத்துவ ஏடுகள் எழுதாத இந்த மொழிக் குறை, அலைச்சலைவிடக் கொடியது.

2002 போர்நிறுத்தத்துக்குப் பின், வன்னியைத் தெற்கோடும் யாழ்ப்பாணத்தோடும் இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மீண்டும் மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் உதவி நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. 2009 பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, காயப்பட்டவர்களும் நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களுமாக 13,000க்கு மேற்பட்டோரைக் கடல்வழியாக வெளியே கொண்டுவந்தது. மருந்துச் சுற்று நடுவில் அறுந்துபோன புற்றுநோயாளருக்கு அந்த மாதங்களில் கணக்கே இல்லை.

போருக்குப் பின் வந்த முக்கியமான மாற்றம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெல்லிப்பழையில் நிகழ்ந்தது. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவேயும் முன்னின்று, தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நிதி திரட்ட 27 நாள் நடைபயணம் ஒன்றை நடத்தினர். சுமார் 670 கிலோமீற்றர். வழியெங்கும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். திரண்ட பணத்தில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு எழுந்தது. ரயிலும் 2013 செப்டெம்பரில் மீண்டும் கிளிநொச்சியை எட்டியது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தது. வன்னி நோயாளிக்கு வடக்கிலேயே, தன் மொழி பேசும் வார்ட்டில் படுக்கும் வாய்ப்பு இவற்றால் கூடியது.

ஆனாலும் முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழை நூறு கிலோமீற்றருக்கு மேல். பரந்தன் வழியாகப் பஸ்ஸில் போக அரை நாள் ஓடிவிடும். சிகிச்சை இலவசம்; ஆனால் போக்குவரத்தும், துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல. நகரத்து நோயாளியை மாலையில் அனுப்பிவிடக்கூடிய மருந்துக்கும், தூரத்து ஊர்க்காரரை ஓரிரவு கூடுதலாக வைத்துக்கொள்வது நியாயமான முடிவு. வீட்டுக்குப் போகும்போது சொல்லப்பட வேண்டியதும் தெளிவு: உடல்வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் பரசிற்றமோல் குடித்துவிட்டுப் படுக்கக்கூடாது, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவும் கூடாது. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு கிட்டவுள்ள வைத்தியசாலைக்கு, அது மாங்குளமோ புதுக்குடியிருப்போ, உடனே போக வேண்டும். மருந்து ஏற்றி எத்தனை நாள் என்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நாளம் வழியாக நுண்ணுயிர்க்கொல்லி ஏற வேண்டும்.