அஞ்சடியில் ஒரு விருந்து: வட சிலாங்கூர் மரவீடுகளின் கதை



'விருந்தோம்பல்' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் என்ன எழுதுவீர்கள்? திருக்குறளின் 9ஆம் அதிகாரம், திண்ணை, தலைவாழை இலை. சரிதான். ஆனால் அந்தத் திண்ணை தமிழ்நாட்டில் அல்லவா இருக்கிறது? குவாலா சிலாங்கூர் தோட்டங்களில் வந்தவரை எங்கே உட்கார வைத்தார்கள்? இரண்டு மரவீடுகளைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

குன்றின் மேல் ஒரு வீடு

ஹென்றி ஃபோக்கோனியே 1879இல் பிரான்சில் பிறந்தவர். 1905இல் மலாயா வந்து தோட்டத் தொழிலோடு மலாயும் தமிழும் கற்றார். அடுத்த ஆண்டே சிலாங்கூர் ஆற்றங்கரைப் பகுதியில், ரந்தாவ் பாஞ்சாங்கில் 600 ஏக்கர் நிலம் பெற்றார். அங்கே அவர் கட்டிய வீட்டின் பெயர் 'பனைகளின் இல்லம்'. 1917இல் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கியவரும் இவர்தான். பெயரைக் கவனித்தீர்களா? செம்பனை வரலாறு தொடங்கிய தோட்டத்துக்குத் தமிழில் தென்னைமரம்!

இவர் எழுதிய 'மலேஸி' நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வென்றது. அதில் அந்த வீடும் வருகிறது, தோட்டத் தமிழரும் வருகிறார்கள். ஒரு மரவீடு உலக இலக்கியத்தில் இடம்பிடித்தது இப்படித்தான்.

மண் சொல்லிக் கொடுத்த வடிவம்

இந்த மண்ணில் மரவீடு கட்ட மலாய்க் கம்பமே பள்ளிக்கூடம். வெள்ளமும் ஈரமும் ஏறாமல் இருக்க வீட்டைத் தூண்களின் மேல் தூக்கினார்கள். தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்தினால் மரம் சீக்கிரம் உளுத்துப் போகாது. மழைநீர் தங்காமல் வழிய, கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். வெயிலும் சாரலும் சுவரைத் தொடாதபடி இறவாரம் நீளும். சதுப்பு ஓரத்தில் வளரும் நிப்பா ஓலையே அத்தாப்புக் கூரையாகும். வீட்டின் முன்பகுதியில் 'செராம்பி' இருக்கும். விருந்தினரை வரவேற்பது அங்கேதான். ஆக, விருந்தினருக்கான இடம் வடிவமைப்பிலேயே இருந்தது.

துரை பங்களாவுக்கும் அகன்ற வராந்தா உண்டு. ஆனால் அது துரையின் விருந்தினருக்கு. தொழிலாளி படிக்குக் கீழேதான் நின்றான்.

லயத்தில் விருந்தினருக்கு இடம் ஏது?

இப்போது இரண்டாவது வீட்டுக்கு வருவோம். பலகைச் சுவர், அத்தாப்பு அல்லது தகரக் கூரை, வரிசையாக அறைகள். பழைய லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறைதான். நிர்வாகம் கணக்குப் பார்த்தது ஆள்பலத்தை. அந்த ஆளுக்கு ஒரு மாமனும் மச்சானும் வருவார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் அறைக்கு முன்னால் ஒரு தாழ்வாரம் இருந்தது. நம் மக்கள் அதை 'அஞ்சடி' என்றார்கள். ஒரு மூலையில் அடுப்பு எரியும். மறுபக்கம் பாய் விரிப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்தார்கள். படிக்கத் தெரிந்தவர் நாளிதழை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ராத்திரி தங்க வந்த உறவுக்காரர் அங்கேயே படுத்தார். கட்டியவர்கள் மறந்துபோன விருந்தினர் கூடத்தை, வாழ்ந்தவர்கள் அந்த அஞ்சடியில் உருவாக்கிக்கொண்டார்கள். வறுமையில் விருந்தோம்பல் என்றால் இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்று ஏன் பேச வேண்டும்?

குன்றின் மேல் இருந்த வீட்டுக்கு ஒரு நாவல் சாட்சி. அஞ்சடிக்கு யார் சாட்சி? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மர லயங்கள் இடிக்கப்பட்டு வருகின்றன. மீதியிருப்பது தாத்தா பாட்டிகளின் நினைவு மட்டுமே. அதுவும் போய்விட்டால், நம் கட்டுரைகளில் இரவல் திண்ணைதான் மிஞ்சும்.

வகுப்பறைச் செயல்பாடு

1. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் அவருடைய லயத்து வீட்டை வரைந்து காட்டச் சொல்லுங்கள். அஞ்சடியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.
2. செராம்பி, பங்களா வராந்தா, அஞ்சடி மூன்றையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுங்கள்.
3. உங்கள் பள்ளித் திடலில் விருந்தினருக்குச் சிறிய மரக்கூடம் ஒன்று அமைப்பதானால், இவற்றிலிருந்து எதை எடுப்பீர்கள்? காரணத்தோடு விளக்குங்கள்.

மாணவர்களே, தேர்வில் 'விருந்தோம்பல்' வந்தால் இனி அஞ்சடியையும் எழுதுங்கள். அது உங்கள் பாட்டியின் வீடு.