துறைமுக நகரும் மெலிந்த குரலும்

கடலும் குன்றும் அருகருகே அமைந்த திருகோணமலையிலே, மோட்டார் வண்டியின் வானொலி மெலிந்து ஒலிக்குமாயின், பழி முதலில் ஒலிபெருக்கியின் மேலேயே விழும். புதிய ஒலிபெருக்கி வாங்கிப் பூட்டப்படும். குரலோ பழையபடியே கம்மியிருக்கும். குற்றம் எங்கே உள்ளது என்பதை அறிய, அக்கருவியின் வரலாறே நல்ல வழிகாட்டியாகும்.

1925 டிசம்பர் 16 ஆம் நாள், எட்வேட் ஹாப்பர் என்ற பொறியியலாளரின் முயற்சியால் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. அதே ஆண்டில், அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்னும் இருவர், காந்தத்தின் இடையே அசையும் கம்பிச் சுருளும் காகிதக் கூம்பும் கொண்ட ஒலிபெருக்கியை அறிமுகப்படுத்தினர். இன்றைய ஒலிபெருக்கிகளுக்கும் அதுவே அடிப்படை. 1930 இல் போல் கல்வினின் நிறுவனம் ‘மோட்டரோலா’ என்னும் பெயரில் வண்டி வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தது.

அக்காலத்துக் கருவிகள் வால்வுகளால் இயங்கின. வால்வுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். வண்டியின் பற்றரியோ பெரும்பாலும் 6 வோல்ற் மட்டுமே தந்தது. ஆகவே, அதிர்வி என்னும் சிறுகருவி நேர்மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விட, மின்மாற்றி அதனை உயர்த்திற்று. ஒலிபெருக்கிகள் பலவற்றில் காந்தமும் பற்றரியின் மின்னோட்டத்தாலேயே உண்டாயிற்று. அதிர்வியின் முனைகள் தேய்ந்தாலும், பற்றரி தளர்ந்தாலும், ஒலி குன்றும். ஒலிபெருக்கி குற்றமற்றதாயிருந்தும் பழியை அது சுமந்தது. 1955 இல் பில்கோ நிறுவனத்தார் கிறைஸ்லர் வண்டிகளுக்கென முழுதும் திரான்சிஸ்டராலான வானொலியை அறிவித்தனர். அதிர்வி மறைந்தது, இணைப்புகளின் சிக்கலோ மறையவில்லை.

திருகோணமலையில் இச்சிக்கலை இயற்கையே வளர்க்கின்றது. உப்புக் காற்று செப்பு முனைகளிற் பச்சைக் களிம்பையும், இரும்பு முனைகளில் துருவையும் படியச் செய்கின்றது. வடகீழ்ப் பருவமழையின் ஈரம் காகிதக் கூம்பைத் தளர்த்துகின்றது. வானலை வாங்கியின் அடிப்பகுதி வண்டியின் உடலோடு நன்கு பொருந்தாவிடில், வரும் அலையும் குன்றுகின்றது. கொழும்போ தரைவழியில் ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தொலைவு. பகலில் வளிமண்டலத்தின் உயர்ந்த படையொன்று நடுத்தர அலைகளை உறிஞ்சிவிடுவதால், தொலைநிலையங்கள் மங்கும். இரவில் அப்படை நீங்கவே, அவை தெளியும். இரவில் மட்டும் நன்கு கேட்கும் வானொலியில் ஒலிபெருக்கியைக் குறை கூறுதல் தகாது.

எனவே, முதலிற் கேட்க வேண்டியது குரலையன்று, இரைச்சலையே. ஒலிக் குமிழை முழுதும் திருப்பும்போது இரைச்சல் உரக்க எழுந்து, குரல் மட்டும் மெலிந்திருந்தால், குற்றம் வானலை வாங்கியின் பக்கம் உள்ளது எனலாம். இரைச்சலும் குரலும் ஒருங்கே மெலிந்திருந்தால், குற்றம் பெரும்பாலும் கருவியின் பிற்பகுதியில் உள்ளது. அப்போது நல்லதென்று தெரிந்த வேறோர் ஒலிபெருக்கியை இணைத்துப் பார்த்தல் வேண்டும். ஒலி மீண்டால் பழையது பழுது. மீளாவிடில், வானொலியின் முனையில் மின்னழுத்தத்தை அளந்து, இணைப்புகளைத் துடைத்த பின்னரே கருவியைத் திறத்தல் தகும்.

இது வெறும் பொழுதுபோக்குக்குரிய சிக்கலன்று. 1964 டிசம்பரில் வங்கக் கடலில் எழுந்த கடும்புயல், இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் தாக்கிற்று. அத்தகைய நாட்களில், கடலோர வீதியில் மீன் ஏற்றிச் செல்லும் சாரதிக்கு, வானிலை அறிவித்தலின் ஒரு சொல் கேளாமற் போவதும் பேரிழப்பாகலாம்.

1984 இல் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே திருகோணமலைக்கு அண்மையில் அஞ்சல் நிலையம் அமைத்து, ஆசியாவின் பல நாடுகளுக்கு ஒலிபரப்பியது. பின்னர் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் வந்தது. கடல்கடந்து குரல் அனுப்பிய அத்துணை ஆற்றலும், களிம்பேறிய ஒரு செப்பு முனையின் முன்னே பயனற்றுப் போகலாம். அச்சாணி கழன்றால் பெருந்தேரும் நின்றுவிடுமன்றோ? குரல் மெலியும்போது புதியதைத் தேடுமுன், பழைய இணைப்பைத் துடைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.