மிகுதியும் நிகர்மையும்: ஆங்கில ஒப்பீட்டுரை கற்பித்தலின் வரலாறு – சங்கரன்கோவிலை முன்வைத்து

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலின் தலபுராணம் ஓர் ஒப்பீட்டுப் பூசலை மையமாகக் கொண்டது. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவன் பெரியவனா திருமால் பெரியவனா என வாதிட்டு அம்பிகையிடம் சென்றனர். அம்பிகையின் தவத்திற்கு இரங்கிய இறைவன் சங்கரநாராயணனாகக் காட்சியளித்தான். ‘யார் பெரியவர்’ என்ற வினா நிகர்மையில் முடிந்தது. ஆடித்தபசு விழாவால் அவ்வட்டாரம் நன்கறிந்த கதை இது. எனினும் இதனை ஆங்கிலத்தில் ஓர் ஒப்பீட்டுப் பத்தியாக எழுதப் பணித்தால், பள்ளியில் பெற்ற இலக்கணப் பயிற்சி மாணவருக்குப் போதிய துணையாவதில்லை. அதற்கான காரணம் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட முறையின் வரலாற்றில் உள்ளது.

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல், 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் பெயரடைகள் இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் போல ஒப்பீட்டு விகுதி ஏற்பதில்லை எனக் குறித்தார். தமிழ் இலக்கண மரபோ ஒப்பினை ஐந்தாம் வேற்றுமைப் பொருளாகவே கண்டது. நிகர்நிறுத்துவதையும் உறழ்ந்து மிகுதி காட்டுவதையும் வேறுபடுத்தி அறிந்தது. ஆகவே தமிழ் மாணவருக்கு ஆங்கில விகுதிகள் புதியவை. ஒப்பிடும் சிந்தனை புதியதன்று. வகுப்பறையின் கவனம் முழுவதும் முன்னதிலேயே தங்கிவிட்டது.

இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் கோலோச்சிய ரென்–மார்ட்டின் இலக்கணம், ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ பகுதியை வாக்கிய மாற்றப் பயிற்சியாக்கியது. அதில் நிகர்மை கூறும் வடிவம்கூட, ‘வேறெதுவும் இதற்கு நிகரில்லை’ என மிகுதியை நிறுவவே பெரிதும் பயன்பட்டது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க முனைந்த ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ இயக்கம் அமைப்புவழிக் கற்பித்தலைப் பரப்பியது. அளவில் அது வியக்கத்தக்க முயற்சி. ஆயினும் அதன் அலகும் வாக்கியமே, பத்தியன்று.

1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம் இப்போக்கிலிருந்து விலகியது. சென்னை, கடலூர்ப் பள்ளிகளும் பங்கேற்ற அத்திட்டத்தில், இரயில் கால அட்டவணை, வரைபடம் முதலியவற்றைக் கொண்டு மாணவர் சிந்தித்து விடைகாணும் செயல்கள் முதன்மை பெற்றன. ஒப்பீடு அங்கு ஒரு தேவையிலிருந்து பிறந்தது. ஆனால் தொடர்ந்து எழுதும் திறன் அத்திட்டத்தின் மைய நோக்கமாக இருக்கவில்லை.

ஒப்பீட்டுரையின் அமைப்பைச் சங்கரநாராயணர் திருவுருவமே காட்டுகிறது. சடைக்கு எதிராக மணிமுடி, மழுவுக்கு எதிராகச் சங்கு, புலித்தோலுக்கு எதிராகப் பீதாம்பரம் என அது கூறுகூறாக ஒப்பிடுகிறது. சிவனைப் பற்றி ஒரு பத்தி, திருமாலைப் பற்றி ஒரு பத்தி எனத் தொடக்கநிலை மாணவர் எழுதும்போது இரு வருணனைகள் தனித்தனியே நின்றுவிடுகின்றன. கூறுவாரியாக எழுதினால் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருவரும் இடம்பெற்றாக வேண்டும். அங்கு அவர் தேடுவது உயர்படி விகுதியை அன்று. ஒற்றுமையையும் வேறுபாட்டையும் பிணைக்கும் இணைப்புச் சொற்களை.